கோழி இறைச்சிக்கு உண்ணத்தகு உறை: மூக்கை நம்பலாமா?

இன்று காலை உணவுக்குப் பின் நீங்கள் விழுங்கிய கேப்ஸ்யூலின் மேலுறை எதனால் ஆனது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெரும்பாலான கேப்ஸ்யூல்களின் உறை ஜெலட்டின். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்திலிருந்து அது பெறப்படுகிறது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த மோத், தூப்ளாங் என்னும் இருவர் 1834-இல் ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்குக் காப்புரிமை பெற்றனர். உள்ளிருக்கும் கசப்பு மருந்தை நாவுக்கு எட்டாமல் காத்து, வயிற்றை அடைந்ததும் தானும் கரைந்து செரிமானமாகிவிடும் உறை அது. பண்டத்தோடு பொட்டலத்தையும் சேர்த்தே உண்ணும் இந்த வழக்கத்தை நாம் மருந்தில் ஏற்றுக்கொண்டு நெடுங்காலம் ஆயிற்று.

இதே எண்ணத்தைக் குளிரூட்டிய கோழி இறைச்சிக்கும் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் நடைபெற்று வருகின்றன. மெல்லிய, உண்ணத்தகு படலம் ஒன்றை இறைச்சியின் மேல் போர்த்துவது. அல்லது கரைசலாக்கி அதில் இறைச்சியைத் தோய்த்து எடுப்பது. வெறும் போர்வையாக நில்லாமல், கிருமிகளைத் தடுக்கும் பொருளொன்றையும் அப்படலம் தன்னுள் வைத்திருக்கும். செய்தித்தாள்களில் இதைப் பற்றிப் படித்துவிட்டு, “இனிமேல் கோழியை ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுக்கலாமா?” என்று நோயாளிகளின் உடனிருப்போர் எங்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வயிறு, குடல், கல்லீரல் நோய்களுக்கு மருத்துவம் செய்யும் எங்களுக்கு இது சமையலறைக் கேள்வியாக மட்டும் தோன்றவில்லை. கல்லீரல் சுருக்க நோய் உடையவர்களுக்குப் புரதம் மிகுதியாகத் தேவை. கீமோதெரபி பெறுபவர்களுக்கும் அப்படியே. அவர்களில் பலருக்குக் கோழியே எளிதில் கிடைக்கும் புரதம். அவர்கள் உடலே கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைந்த உடலும்கூட.

பெட்டிக்குள் நடப்பது

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த கோழி இறைச்சியில் இரு வகைக் கிருமிகள் இருக்கக்கூடும். முதல் வகை, இறைச்சியைக் கெடுப்பவை. சூடோமோனாஸ் என்னும் இனம் இவற்றுள் முதன்மையானது. குளிரிலும் காற்று கிடைத்தால் மெல்ல மெல்லப் பெருகும். ஒரு கிராம் இறைச்சியில் இவற்றின் எண்ணிக்கை கோடியைத் தாண்டும் அளவில் புளித்த வாடையும், மேற்பரப்பில் வழவழப்பும் தோன்றும். நம் வீட்டுப் பெரியவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, “இது ஆகாது, கொட்டிவிடு” என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

இரண்டாம் வகை, மனிதரை நோய்ப்படுத்துபவை: சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் முதலியன. இவை வாடை எதையும் எழுப்புவதில்லை, நிறத்தையும் மாற்றுவதில்லை. சில நூறு கேம்பைலோபேக்டர் கிருமிகளே ஒருவரைப் படுக்கையில் தள்ளப் போதுமானவை. அரிதாகச் சிலருக்கு வயிற்றுப்போக்கு நின்ற சில வாரங்களில் கைகால்கள் செயலிழக்கும் கில்லன்-பாரே நோயும் இக்கிருமியைத் தொடர்ந்து வருவதுண்டு. சரியான குளிரில் இவ்விரண்டும் பெருகுவதில்லை, ஆனால் சாவதும் இல்லை. லிஸ்டீரியா என்னும் மூன்றாவது கிருமியோ 4 பாகை செல்சியசிலும் பெருக வல்லது.

முதல் வகையை மூக்கு கண்டுபிடிக்கும். இரண்டாம் வகையைக் கண்டுபிடிக்காது. கட்டுரையின் பிற்பகுதிக்கு இவ்வேறுபாடு தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

நம் கடலிலிருந்து வரும் படலம்

இத்தகைய படலங்களுக்கான மூலப்பொருள்களில் இரண்டு, நம் கடற்கரைக்கு மிக நெருக்கமானவை. ஒன்று இறால் ஓடு, மற்றொன்று கடற்பாசி.

தூத்துக்குடியிலிருந்து ஏற்றுமதியாகும் இறாலில் தலையும் ஓடும் நீக்கப்படும்போது எடையில் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காடு வரை கழிவாகப் போகிறது. அந்த ஓட்டில் உள்ள சுண்ணத்தை அமிலத்தாலும், புரதத்தைக் காரத்தாலும் நீக்கினால் எஞ்சுவது கைட்டின். பிரான்சின் பிராக்கோனோ என்னும் அறிஞர் 1811-இல் முதன்முதலில் இதைக் கண்டது காளானில். கொற்கை முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பிலும் இது உண்டு. அடுக்கடுக்கான சுண்ணத் தகடுகளுக்கு இடையே கைட்டினும் புரதமும் மெல்லிய தாள்போல் படிந்திருக்கின்றன. முத்துக்குளிப்பு இக்கரையில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இறால் தொழில் வளர்ந்திருக்கிறது, ஓடு குவிகிறது. அதைப் பயன்படுபொருளாக்கும் தொழில்நுட்பத்தைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கித் தொழில்முனைவோருக்கு வழங்கியுள்ளது.

கைட்டினை அடர்ந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். இது வெறும் நீரில் கரையாது. நீர்த்த வினிகர் அமிலத்தில் கரையும். கரைந்த கூழில் சிறிது கிளிசரால் சேர்த்துத் தட்டில் ஊற்றி உலர்த்தினால், கண்ணாடித் தாள் போன்ற படலம் உரிந்து வரும். கிளிசரால் சேர்க்காவிட்டால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். அமிலத்தன்மையில் கைட்டோசான் நேர்மின்னூட்டம் பெறுகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் உடையது. இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது பாக்டீரியாவின் சுவர் குலைகிறது. எனவே கைட்டோசான் போர்வையாகவும் காவலாகவும் ஒருசேரப் பயன்படுகிறது.

கடற்பாசியை எடுத்துக்கொள்வோம். மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் அகர் கிடைக்கிறது. நோன்பு திறக்கும் வேளையில் பல வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் ‘கடற்பாசி’ இதுவே. பாக் நீரிணைக் கரையில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து கிடைப்பது காராஜீனன். 2000-ஆம் ஆண்டையொட்டி ஒரு குளிர்பான நிறுவனத்தின் முயற்சியால் வணிகச் சாகுபடி தொடங்கியதால், அப்பகுதி மக்கள் அதை இன்றும் ‘பெப்சி பாசி’ என்றே அழைக்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் காராஜீனனைக் கொண்டு மட்கும் படலம் செய்யும் முறையை, பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு மண்டபத்திலும் ஆய்வு நிலையம் நடத்தும் மத்திய உப்பு மற்றும் கடல்வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தார் வகுத்துள்ளனர்.

அகரைப் பற்றி ஒரு சொல். எங்கள் ஆய்வகத்தில் உங்கள் மலத்திலோ இரத்தத்திலோ கிருமி உள்ளதா என்று பார்க்கும்போது அதை அகர் தட்டில்தான் வளர்க்கிறோம். 1881-இல் ஃபேனி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி, தம் வீட்டுச் சமையலில் பயன்படுத்திய அகரைத் தம் கணவரின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தார். அதன் வழியே அது ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தை அடைந்தது. கிருமியை வளர்க்க உதவும் அதே பொருளைக் கிருமியைத் தடுக்கும் படலத்துக்கும் அடித்தளமாக்குவது விந்தையாகத் தோன்றலாம். அகரைப் பெரும்பாலான கிருமிகளால் தின்ன முடியாது. தட்டில் அவை வளர்வது நாங்கள் அதில் கலக்கும் ஊட்டத்தால். படலத்தில் அடங்குவது அதில் கலக்கப்படும் காப்புப் பொருளால்.

காப்புப் பொருள்களாகக் கிராம்பு எண்ணெய், இலவங்கப்பட்டை எண்ணெய், ஓமத்தில் உள்ள தைமால், மஞ்சளில் உள்ள குர்க்குமின், பால் பொருள்களில் வாழும் ஒருவகை நற்கிருமி சுரக்கும் நைசின் ஆகியவை ஆராயப்படுகின்றன. இறைச்சியில் கிராம்பு மணம் ஏறிவிடுகிறது என்பது மேலைநாட்டு ஆய்வுகளில் ஒரு குறையாகப் பேசப்படுகிறது. நம் ஊர்க் கோழிக் குழம்பில் அதைக் குறை என்று யாரும் சொல்லப்போவதில்லை.

எத்தனை நாள்?

நம் நாட்டு ஆய்வுகளில் எங்களுக்குத் தெளிவாகத் தோன்றுவது மீனைப் பற்றியது. கொச்சி நிறுவனத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நாம் சாளை என்றும் பிறர் மத்தி என்றும் சொல்லும் மீனின் துண்டுகளைக் கைட்டோசான் கரைசலில் தோய்த்துக் குளிரில் வைத்தனர். தோய்க்காத மீன் 5 நாள் வரை உண்ணும் தரத்தில் இருந்தது. 1 விழுக்காட்டுக் கரைசலில் தோய்த்தது 8 நாளும், 2 விழுக்காட்டுக் கரைசலில் தோய்த்தது 10 நாளும் தாங்கின. கோழி இறைச்சியில் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதே திசையையே காட்டுகின்றன. கைட்டோசானோடு நறுமண எண்ணெய் சேரும்போது சில நாள்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

இந்த நாள்கள் சிறியவை அல்ல. பல்லடத்துப் பண்ணையிலிருந்து கிளம்பும் இறைச்சி நெடுந்தொலைவு பயணிக்க வேண்டியிருக்கிறது. தேக்கிலையிலும் பனையோலையிலும் இறைச்சியைப் பொதிந்து தந்த காலம் போய் பிளாஸ்டிக் வந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு 2019 சனவரி முதல் தடை விதித்தது. கடலில் கிடைத்த கழிவு, கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கைக் குறைக்குமானால் இக்கரையில் வாழும் எங்களுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

ஆனால் ‘உண்ணும் தரம்’ என்று இத்தகைய ஆய்வுகள் சொல்வது பெரும்பாலும் முதல் வகைக் கிருமிகளின் எண்ணிக்கையையும், வாடையையும், நிறத்தையும் வைத்துத்தான். படலம் கெடுக்கும் கிருமிகளை அடக்குகிறது, வாடை தள்ளிப்போகிறது. இவ்வாறு நம் மூக்குக்கு வந்துகொண்டிருந்த எச்சரிக்கையும் தள்ளிப்போகிறது. எட்டாம் நாள் திறக்கும்போது இறைச்சி புதியதுபோலவே இருக்கலாம். கடையிலேயே ஒட்டிக்கொண்ட சால்மொனெல்லா அதில் அப்படியே இருக்கவும் கூடும். நைசின் லிஸ்டீரியாவை நன்கு தடுக்கிறது. சால்மொனெல்லாவுக்கு உள்ள புறச்சவ்வை அதனால் தனித்து ஊடுருவ முடிவதில்லை. ஒரே படலம் எல்லாக் கிருமிக்கும் மருந்தாவதில்லை.

நன்றாக வெந்த இறைச்சியில் இவை எல்லாமே மடியும் என்பது உண்மை. எங்கள் கவலை, சமைத்துத் துண்டாக்கிப் படலமிட்டு விற்கப்படும், மீண்டும் சூடாக்காமல் உண்ணும் இறைச்சியைப் பற்றியது. நீண்ட நாள் குளிரில் இருக்கும் அவ்வகை உணவில்தான் லிஸ்டீரியாவுக்கு வாய்ப்பு அதிகம். கருவுற்ற பெண்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், கீமோதெரபியில் இருப்போர், கல்லீரல் சுருக்க நோயினர், முதியோர் ஆகியோர், படலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவ்வகை இறைச்சியை ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ண வேண்டும். படலமிட்ட பொட்டலத்தில் அச்சிட்ட நாளைக் கடந்தால், எவ்வளவு நன்றாக மணந்தாலும் வேண்டாம்.

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் கைட்டோசானைப் பற்றிக் கேட்கிறார்கள். அவ்வொவ்வாமைக்கு முதன்மைக் காரணம் டிரோபோமயோசின் என்னும் தசைப் புரதம்; நன்கு தூய்மை செய்த கைட்டோசானில் புரதம் மிகக் குறைவு. ஆயினும் முன்பு மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தவர்கள் தவிர்ப்பதே நல்லது. ஓடுடைய கடலுயிர்ப் பொருள்கள் சேர்ந்திருந்தால் உறையில் ஒவ்வாமைக் குறிப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. காளானிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் உண்டு. சைவ உணவினர் பழங்களுக்குப் பூசப்படும் படலங்களைப் பற்றி நினைக்கும்போது இவ்வேறுபாடு உதவும். உடல் எடை குறைக்க என்று விற்கப்படும் கைட்டோசான் மாத்திரைகள் முற்றிலும் வேறு கதை. அவற்றின் அளவு படலத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்வோர் எங்களிடம் சொல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது.

அதுவரை நம் பெட்டி

இப்படலங்கள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கோழிக்கு இன்றைய பாதுகாப்பு குளிரும் நெருப்பும்தான்.

பெட்டியின் உட்புறம் 4 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சிறிய வெப்பமானி ஒன்றை நடுத்தட்டில் வைத்துப் பாருங்கள். அடிக்கடி திறக்கும் வீட்டில் கதவுப் பக்கத் தட்டு எப்போதும் வெப்பமாகவே இருக்கும். பச்சைக் கோழியை மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில் வையுங்கள், மேல்தட்டில் வைத்தால் நீர் சொட்டிக் கீழே உள்ள தயிரிலும் பழத்திலும் விழும். பல வீடுகளில் இன்சுலினும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. அதற்குத் தனி டப்பாவும் நடுத்தட்டும் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கிய கோழியைத் திங்கள் மாலைக்குள், மிஞ்சினால் செவ்வாய்க் காலைக்குள் சமைத்துவிடுங்கள். அதற்குமேல் வேண்டுமானால் வாங்கிய அன்றே உறைநிலைப் பகுதியில் வையுங்கள். தயிரும் மசாலாவும் தடவி ஊறவைப்பதும் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும்.

கழுவுவதைப் பற்றிச் சொன்னால் எங்களோடு சண்டைக்கு வருவோர் உண்டு. மஞ்சளும் கல்லுப்பும் இட்டுக் கோழியைக் கழுவாத தமிழ் வீடு இல்லை. ஆனால் குழாய்நீரைத் திறந்துவிட்டுக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்திலும், கழுவி அடுக்கிய தட்டிலும் கிருமியைச் சேர்க்கின்றன. கழுவாமல் சமைப்பதே பாதுகாப்பு. மனம் ஒப்பவில்லை என்றால், குழாயை மூடி ஒரு பாத்திர நீரில் மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். நோயாளிக்கான பழத்தை அதே கத்தியால் நறுக்காதீர்கள்.

கோழியின் தடித்த பகுதியின் உள்ளே 74 பாகை வெப்பம் எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள், எலும்பருகே இளஞ்சிவப்பு இல்லாமல், வடியும் சாறு தெளிவாகும் வரை வேகவிடுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது பொதுவிதி. 32 பாகையைத் தாண்டும் நாள்களில் ஒரு மணி நேரம். நம் ஊரின் கோடையில் ஒரு மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் சுற்றுப்புற ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன, மின்சாரம் இல்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் பெட்டி ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைந்த உறைநிலைப் பகுதி 48 மணி நேரம் வரை, பாதி நிறைந்தது 24 மணி நேரம் வரை தாங்கும். அதைத் தாண்டிய கோழி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும் கொட்டப்பட வேண்டியதே. கைட்டோசான் படலம் போர்த்தியிருந்தாலும் எங்கள் விடை இதுவே. இவ்வகைப் படலங்கள் குளிர்நிலையில் சோதிக்கப்பட்டவை, மின்சாரமில்லாத பெட்டியில் அல்ல.

கோழி உண்டபின் வயிற்றுப்போக்கில் இரத்தம் கண்டாலோ, 38 பாகைக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, நீரைக்கூட வயிற்றில் தங்கவைக்க முடியாவிட்டாலோ மருத்துவமனைக்கு வாருங்கள். கீமோதெரபியில் இருப்பவர்களும் உறுப்பு மாற்றுப் பெற்றவர்களும், வேறெந்தக் குறியும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருந்தாலும், நள்ளிரவாயினும் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். இறைச்சி எந்த நாளில் வாங்கியது, எத்தனை நாள் பெட்டியில் இருந்தது, வீட்டில் வேறு யார் உண்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். மலப் பரிசோதனையில் கிருமி வளர்ந்து தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்கு முன்பே மருத்துவத்தைத் தொடங்க அந்தத் தாள் எங்களுக்கு உதவும்.